கல்யாணப் பத்திரிகையும் காந்த வளையமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் பதினோராவது வளைவைத் தாண்டும்போது, ஒரு மார்கழிக் காலையில், எங்கள் வீட்டுப் பழைய பத்மினி கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. காரில் நான், என் மனைவி, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், மூச்சிரைப்பு உள்ள என் தாயார் ஆகிய நால்வர். வெளியே பனிமூட்டம். பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பேட்டரியில் குறையில்லை, பெட்ரோலும் இருக்கிறது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. கல்லூரியில் மின்காந்தத் தூண்டல் பாடம் நடத்துகிற நான், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தேன்.

மேலிருந்து இறங்கி வந்த வாடகைக் கார் ஒன்று ஓரமாக நின்றது. ஓட்டுநர் வயதானவர். "பாயிண்ட் பார்த்து எத்தனை நாளாச்சு தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டார். தீப்பெட்டியின் மருந்து தடவிய பக்கத்தைக் கிழித்து, உள்ளே இருந்த இரண்டு சிறிய உலோகக் குமிழ்களுக்கு நடுவே விட்டுத் தேய்த்தார், துணியால் துடைத்தார். "கெட்டியா ஒரு அட்டை இருக்குமா?" காரில் கிடந்தது உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைதான். அதன் ஒரு மூலையைக் கிழித்துக் குமிழ்களுக்கு இடையே செருகி, ஒரு ஸ்குரூவை முடுக்கினார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே உயிர் பெற்றது! பத்து நிமிட வேலை. காசு கொடுத்தபோது கையை விலக்கிக்கொண்டார்.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் கனத்தில் ஒரு காரின் உயிர் இருக்கிறதா? இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை அழுத்தப்படுகிறது. அதற்குத் தீ வைப்பது ஸ்பார்க் பிளக். பிளக்கின் முனையில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான ஓர் இடைவெளி உண்டு. அதைத் தாண்டி ஒரு தீப்பொறி பாய வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள சாதாரணக் காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள்ளோ வாயு நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. மூலக்கூறுகள் நெருங்கி நிற்கும்போது எலெக்ட்ரான்கள் வேகம் பிடிக்க இடம் கிடைப்பதில்லை. ஆகவே 10,000 வோல்ட்டும் அதற்கு மேலும் தேவைப்படும். காரில் இருப்பதோ வெறும் 12 வோல்ட் பேட்டரி!

இந்த இடைவெளியை நிரப்பும் வழியை 1831இல் மைக்கேல் ஃபாரடே நமக்குக் காட்டிவிட்டார். ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் தோன்றும். எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு அதிக மின்னழுத்தம். கார் மெக்கானிக்குகள் 'காயில்' என்று சொல்லும் உருண்டைப் புட்டிக்குள் இருப்பவை ஓர் இரும்புத் தண்டும் அதன்மேல் சுற்றிய இரண்டு சுருள்களும்தான். முதன்மைச் சுருளில் தடித்த கம்பி, சில நூறு சுற்றுகள். துணைச் சுருளில் மெல்லிய கம்பி, அதைப்போல் சுமார் நூறு மடங்கு சுற்றுகள்.

பேட்டரியின் மின்னோட்டத்தை முதன்மைச் சுருளில் ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? உங்கள் வீட்டில் வேகமாகத் தண்ணீர் வரும் குழாயை ஒரே திருப்பில் மூடிப்பாருங்கள். குழாய் முழுவதும் 'டங்'கென்று அதிரும். ஓடிக்கொண்டிருந்த நீர் நிற்க மறுத்து மோதுவதால் வரும் அதிர்ச்சி அது. சுருளில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான். அதைத் திடீரென்று நிறுத்தினால் முதன்மைச் சுருளிலேயே 300 வோல்ட் அளவுக்கு எதிர்ப்பு கிளம்பும். துணைச் சுருளில் நூறு மடங்கு சுற்றுகள் இருப்பதால் அங்கே 20,000, 30,000 வோல்ட் வரை எழ முடியும். அதுதான் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது.

ஆக, தீப்பொறியை உண்டாக்குவது மின்னோட்டத்தை ஓடவிடுவது அல்ல, நிறுத்துவது. இதைப் பல மாணவர்கள் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நிறுத்தும் வேலையைச் செய்யும் சுவிட்சுக்குத்தான் 'பாயிண்ட்' என்று பெயர். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் இந்த முறைக்கு நல்ல உருவம் கொடுத்தார். 1910 வாக்கில் அது காடிலாக் கார்களில் இடம்பெற்றது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே ஒரு தண்டு, எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்கிறது. நான்கு சிலிண்டர் காரில் அந்தத் தண்டுக்கு நான்கு மேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரு சின்ன ஃபைபர் கட்டையைத் தள்ளும்போது, ஒட்டியிருந்த இரண்டு உலோகக் குமிழ்களும் பிரிகின்றன. மின்னோட்டம் அறுகிறது, பொறி பாய்கிறது. குமிழ்கள் பிரியும் நொடியில் அவற்றுக்கு நடுவிலேயே பொறி பறந்து அவை கருகிவிடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு கண்டென்சர், அதாவது மின்தேக்கி, துணைக்கு நிற்கிறது. நிற்க இடமில்லாமல் மோதும் மின்னோட்டத்துக்கு அது ஒரு தற்காலிகத் தங்குமிடம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? எங்கள் காயிலின் முதன்மைச் சுருளுக்கு மின்தடை 3 ஓம். 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். சுருளின் தன்மின்தூண்டல் எண் 8 மில்லிஹென்றி என்று கொள்வோம். இவ்வகைக் காயில்களுக்குப் பொருத்தமான அளவு அது. சேமிக்கப்படும் ஆற்றல், மின்தூண்டல் எண்ணை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கியதில் பாதி. விடை 0.064 ஜூல். சுமார் 6 கிராம் எடையுள்ள ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல், அவ்வளவுதான். இந்தத் துளி ஆற்றல்தான் ஒன்றேகால் லிட்டர்கூட இல்லாத, 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சினை ஓயாமல் கொளுத்திக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பொறிகள். நிமிடத்துக்கு 6,000, நொடிக்கு 100. ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தச் சின்னக் குமிழ்கள் 3,60,000 தடவை ஒட்டிப் பிரிந்திருக்கும்! தேயாமல் என்ன செய்யும்? கண்டென்சர் எவ்வளவுதான் காத்தாலும் குமிழ்களின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் பள்ளமும் மேடுமாகிறது. ஃபைபர் கட்டையும் தேய்கிறது.

கட்டை தேய்வதில்தான் சூது இருக்கிறது. பிரிந்த நிலையில் குமிழ்களுக்கு இடையே சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கட்டை தேயத் தேய இந்த இடைவெளி குறுகும். இடைவெளி குறுகினால் குமிழ்கள் பிரியும் நேரமும் பின்னுக்குப் போகும். பொறி தாமதமாக வரும். சிறு தாமதம்தானே என்று நினைக்காதீர்கள். 3,000 சுற்று வேகத்தில் ஒரு மில்லி நொடிக்குள் எஞ்சின் 18 பாகை திரும்பிவிடுகிறது. கலவை முழுதும் எரிந்து முடிய இரண்டு மில்லி நொடி அளவில் ஆகும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி வைத்துவிட வேண்டும். பிந்தினால் சக்தி குறையும், எஞ்சின் சூடாகும், பெட்ரோல் வீணாகும். இடைவெளி முற்றிலும் மூடிவிட்டாலோ மின்னோட்டம் அறுவதே இல்லை; பொறியே இல்லை. பதினோராவது வளைவில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான். கல்யாணப் பத்திரிகையின் அட்டை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் கனம் இருந்தது எங்கள் நல்ல காலம். பழுது காருடையது அல்ல. ஒன்றரை ஆண்டாகப் பாயிண்டைத் திரும்பிப் பார்க்காத என்னுடையது.

தேயாத சுவிட்ச் ஒன்று இருந்தால்? அதற்கான வித்து 1947 டிசம்பரில் விழுந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன் இருவரும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்களுக்கும் ஷாக்லிக்குமாக 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. டிரான்சிஸ்டருக்குள் எதுவும் அசைவதில்லை. அசைவில்லாத இடத்தில் தேய்மானம் ஏது? 1973இல் கிறைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் தன் கார்கள் எல்லாவற்றிலும் பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். இத்தாலியின் ஃபியட் 1100 டி மாதிரியில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் மும்பையில் தயாரித்த எங்கள் பத்மினியோ பாயிண்ட்டோடு பிறந்தது. அந்தக் கார் இப்போது தயாரிப்பில் இல்லை. மும்பையின் கடைசி பத்மினி டாக்சிகூட 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகிவிட்டது. ஆனால் பழைய கார்களில் நாமே பொருத்திக்கொள்ளும்படி சிறு பெட்டிகள் கடைகளில் விற்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கினேன். கடைக்காரர், "பத்துக் குதிரை கூடும் சார்" என்றார். அதை நான் நம்பவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தால் இரண்டே பொருள்கள். ஒன்று, நான்கு சிறு காந்தங்கள் பதித்த பிளாஸ்டிக் வளையம். மற்றது, கட்டைவிரல் அளவுள்ள ஒரு கறுப்புத் துண்டு. அதிலிருந்து சிவப்பாக ஒன்றும் கறுப்பாக ஒன்றும் இரண்டு ஒயர்கள். அந்தக் கறுப்புத் துண்டுக்குள் ஓர் அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

1879இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், எட்வின் ஹால் என்ற ஆய்வு மாணவர் மெல்லிய தங்கத் தகடு ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தி, தகட்டை ஒரு வலிய காந்தப்புலத்தில் வைத்தார். மின்னோட்டம் நீளவாக்கில் போகிறது. ஆனால் தகட்டின் குறுக்கே, இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே, மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்று தோன்றியது! காந்தப்புலம், ஓடும் மின்னூட்டங்களை ஒரு பக்கமாக ஒதுக்குகிறது என்பதுதான் காரணம். ஃபிளெமிங்கின் இடக்கை விதியைப் படித்திருப்பீர்களே, அதே தள்ளுவிசை. வேடிக்கை என்னவென்றால் ஹால் இதைக் கண்டபோது எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அதை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தது 18 ஆண்டுகள் கழித்து, 1897இல். 

தங்கத்தில் கிடைத்த மின்னழுத்தம் மிகச் சொற்பம். இன்று சிலிக்கானில் அது நன்றாகவே கிடைக்கிறது. அதைப் பெருக்கும் சுற்றும் அதே துண்டில் அடங்கிவிடுகிறது. காந்தம் முன்னால் வந்தால் 'வந்தது' என்கிறது. போனால் 'போனது' என்கிறது. அந்தச் சேதியைக் கேட்டு, உள்ளேயிருக்கும் ஒரு வலுவான டிரான்சிஸ்டர் காயிலின் மின்னோட்டத்தை விடுகிறது, அறுக்கிறது. குமிழ் இல்லை, ஃபைபர் கட்டை இல்லை, காந்தமும் துண்டும் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் பொருத்த உட்கார்ந்தோம். முதல் வேலையாகப் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினோம். (இதை மறக்கவே கூடாது. அதுபோல, ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைத் தொடவும் கூடாது. 20,000 வோல்ட் உதறும் உதறலில் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் விசிறி சுழன்றுகொண்டிருக்கும்.) பிறகு மல்டிமீட்டரால் காயிலின் மின்தடையை அளந்தோம். 3 ஓம். இது முக்கியம். சில காயில்கள் 1.5 ஓம்தான் இருக்கும். அவற்றை நேராக இணைத்தால் 8 ஆம்பியர் பாய்ந்து பெட்டி வெந்துவிடும். பழைய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் கழற்றி, அதே இடத்தில் கறுப்புத் துண்டைத் திருகினோம். வளையத்தைத் தண்டின்மேல் அழுத்தி, மேலே ரோட்டாரை வைத்தோம். சிவப்பு ஒயர் காயிலின் நேர் முனைக்கு, கறுப்பு எதிர் முனைக்கு. மாற்றி இணைத்தால் அந்த நொடியே அது செத்துவிடும் என்று உள்ளே வைத்திருந்த காகிதம் எச்சரித்தது. மகள் மூன்று முறை சரிபார்த்தாள். நான் இரண்டு முறைதான்.

அதோடு முடியவில்லை. சுவிட்ச் மாறிவிட்டதால் பொறி வரும் நேரத்தையும் புதிதாகச் சரிசெய்தாக வேண்டும். அதற்கு மெக்கானிக் அண்ணனிடம் போய் ஸ்ட்ரோப் விளக்கை இரவல் வாங்கி வந்தோம். முதல் சிலிண்டரில் பொறி பாயும்போதெல்லாம் இந்த விளக்கு மின்னும். அந்த ஒளியில் பார்த்தால், சுழன்றுகொண்டிருக்கும் கப்பி அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அதிலுள்ள குறி எந்தக் கோட்டுக்கு நேராக நிற்கிறது என்று பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பினால் போதும். பார்க்க மாயம்போல் இருக்கும். ஆபத்தான மாயம்! விசிறிகூட மெதுவாகச் சுழல்வதுபோல் தோன்றும். ஏமாந்து விரலை நீட்டியவர்கள் உண்டு.

எஞ்சின் சீராக ஓடியது. காலையில் முதல் திருப்பிலேயே பிடித்தது. சரி, பத்துக் குதிரை? கூடவில்லை. காயில் அதே காயில். பேட்டரி அதே பேட்டரி. சுருளில் மின்னோட்டம் ஏறுவதற்கு நேரம் வேண்டும். எங்கள் காயிலில் அது எட்டக்கூடிய அளவில் 63 விழுக்காட்டை எட்டவே 2.7 மில்லி நொடி ஆகிறது. 3,000 சுற்றில் பொறிக்குப் பொறி 10 மில்லி நொடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு சுருளை நிரப்பக் கிடைக்கும். 5,000 சுற்றில் கிடைப்பது 4 மில்லி நொடிதான். அதற்குள் மின்னோட்டம் 78 விழுக்காடுதான் ஏறும். ஆற்றலோ வர்க்கத்தில் போவதால் 60 விழுக்காடுதான் சேரும். வேகத்தில் பொறி மெலிவதற்கு இதுவே காரணம். எங்களுடையதைப் போன்ற எளிய பெட்டி இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. நன்றாகப் பராமரித்த பாயிண்ட்டோடு ஒப்பிட்டால் பெட்ரோல் செலவிலும் நான் வேறுபாடு காணவில்லை. அது தருவது ஒன்றே ஒன்றுதான். இன்று வைத்த நேரம் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும்.

இதை நான் பெருமையாக மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சார், பாயிண்ட்டு போறதுன்னா ஒரு மாசம் முன்னாடியே இருமிக் காட்டும். இந்தப் பொட்டி போச்சுன்னா சொல்லாம கொள்ளாம போயிடும். நடுராத்திரி மலைமேல நின்னா இதை எந்தத் தீப்பெட்டிய வெச்சுத் தேய்ப்பீங்க?" என்றார்.

நான் ஏதோ மழுப்பினேன். அடுத்த மாதமே பதில் கிடைத்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, கிரிக்கெட் வர்ணனை கேட்பதற்காகச் சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் காரில் ரேடியோவுக்கும் காயிலுக்கும் ஒரே சாவி. எஞ்சின் ஓடவில்லை, ஆனால் வளையம், மின்னோட்டம் பாயும் நிலையில் நின்றுவிட்டிருக்கிறது. 12 வோல்ட், 4 ஆம்பியர். 48 வாட் முழுவதும் வெப்பமாகக் காயிலில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடிந்து பானட்டைத் திறந்தேன். காயிலைத் தொட முடியவில்லை. பெட்டி செத்திருந்தது, ஒரு இருமல்கூட இல்லாமல். இதே தவறைப் பாயிண்ட் இருந்தபோது செய்திருந்தாலும் காயில் சுட்டிருக்கும், குமிழ்கள் கருகியிருக்கும், தேய்த்துவிட்டு ஓட்டியிருக்கலாம்.

பழைய பாயிண்ட்டை நான் எறியவில்லை. அண்ணன் வந்து, அரை மணி நேரத்தில் அதையே திரும்ப மாட்டி, காரை ஓடச் செய்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

எஞ்சின் நின்றால் சில நொடிகளில் தானே மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்ளும் வகைப் பெட்டி ஒன்று சற்றே கூடுதல் விலையில் கிடைக்கிறது. இப்போது எங்கள் காரில் இருப்பது அதுதான். அதோடு டிக்கியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் சுத்தம் செய்து வைத்த பழைய பாயிண்ட், கண்டென்சர், ஒரு ஸ்குரூ டிரைவர், ஓர் உப்புத்தாள் துண்டு, 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு. மூலை கிழிந்த அந்தக் கல்யாணப் பத்திரிகையையும் மகள் அதில் போட்டு வைத்திருக்கிறாள். கழற்றி மாட்டுவதற்கு அவளுக்கு இப்போது இருபத்தைந்து நிமிடம் ஆகிறது, எனக்கு நாற்பது.

உங்களுக்கு ஒரு கணக்கு. மாருதி 800 காரின் எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர்கள். அது நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் நொடிக்கு எத்தனை பொறிகள் வேண்டும்? ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடை, இந்தக் கட்டுரையிலேயே ஓரிடத்தில் வந்திருக்கும் ஓர் எண்தான்.